பெருநகரத்தில் பள்ளி தேடும்போது ரிசல்ட்டைக் கடைசியில் பாருங்கள்

கொஞ்ச காலமாக எங்கள் வீட்டில் பேச்சு முழுக்கப் பள்ளிக்கூடம்தான். சின்னவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பெரியவன் தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும், இரண்டும் ஒரே வருஷத்தில் வந்து நிற்கின்றன. இருப்பது பெருநகரம், அதனால் பள்ளிக்குப் பஞ்சமில்லை. அரசுப் பள்ளி, கட்டணப் பள்ளி, நுழைவுத்தேர்வு வைத்து எடுக்கும் பள்ளி, சர்வதேசப் பாடத்திட்டம், மாண்டிசோரி, வால்டோர்ஃப், வீட்டிலேயே படிக்க வைப்பது என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது.

இவ்வளவு இருந்தும் பெற்றோர் எல்லாரும் கடைசியில் இரண்டே இரண்டு விஷயத்தில் போய் நிற்கிறோம். ஒன்று பொதுத்தேர்வு ரிசல்ட், இன்னொன்று பள்ளியின் பெயர். நானும் என் கணவரும் பல பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தோம், ராத்திரி உட்கார்ந்து கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்தோம், படிக்கப் படிக்க எனக்கு ஒரு எண்ணம் உறுதியானது. இந்த இரண்டு அளவுகோலும் அந்தப் பள்ளிக்குள் எப்படிப்பட்ட பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன, உள்ளே வந்த பிறகு பள்ளி என்ன செய்கிறது என்பதைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், வகுப்பாசிரியர் யார், ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா, வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே என்ன ஓடுகிறது, இதெல்லாம் பள்ளி அச்சடித்துக் கொடுக்கும் வழவழப்பான கையேட்டில் வராது. ஆனால் பிள்ளையின் ஒவ்வொரு நாளும் இவற்றால்தான் ஆகியிருக்கிறது.

முதலில் ரிசல்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொந்தக்காரர்களிடம் வாதாட எனக்கு அதுதான் தேவைப்பட்டது. 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டார். கட்டடம், நூலகம், செலவிடும் பணம் இவற்றைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து போகிறது என்று அதில் வந்தது. அந்த அறிக்கையைப் பற்றி இன்றுவரை சண்டை நடக்கிறது, ஆனால் அது கிளப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது. நல்ல பள்ளி நல்ல பிள்ளைகளை உருவாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே வீட்டில் எல்லா வசதியும் உள்ள பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து நல்ல பள்ளி என்று பெயர் வாங்குகிறதா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நேர்மையான வழி குலுக்கல். சிகாகோ நகரத்தில் நல்ல பெயர் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தபோது குலுக்கல் போட்டார்கள். விண்ணப்பித்த குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி அக்கறை உள்ளவை, இடம் கிடைத்ததும் கிடைக்காததும் வெறும் அதிர்ஷ்டம். ஜூலி கல்லன், பிரையன் ஜேக்கப், ஸ்டீவன் லெவிட் மூவரும் 2006-ல் வெளியிட்ட கட்டுரையில் குலுக்கலில் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ஜெயித்த பிள்ளைகள் நன்றாகப் படிக்கும் சகமாணவர்கள் நிறைந்த பள்ளிகளுக்குத்தான் போனார்கள், ஆனாலும் அவர்களுடைய மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி எந்த லாபமும் தெரியவில்லை. ஒழுங்குப் பிரச்சினைகளும் போலீஸில் மாட்டுவதும் அவர்களிடம் குறைவாக இருந்தன. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பாதுகாப்பான சூழலுக்காக ஒருவர் பள்ளி மாற்றுகிறார் என்றால் அது முழுக்க நியாயமான காரணம். மதிப்பெண் ஏறும் என்று எதிர்பார்த்து மாற்றினால்தான் ஏமாற்றம் வரும்.

நுழைவுத்தேர்வுப் பள்ளிகள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பாஸ்டன், நியூயார்க் இரண்டு நகரங்களிலும் தேர்வு வைத்து எடுக்கும் பிரபலமான அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே இடம் கிடைப்பதற்காகக் குடும்பமே வருஷக்கணக்கில் தவம் கிடக்கும். கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு ஒரு துளி மேலே இருந்து உள்ளே போனவர்களையும் ஒரு துளி கீழே இருந்து வெளியே நின்றவர்களையும் அப்துல்காதிரோக்ளு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2014-ல் எழுதினார்கள். பிற்பாடு எழுதிய தேர்வுகளில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வெளியே நின்ற பிள்ளைகள் வேறு சாதாரணப் பள்ளிகளில் படித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பெரியவன் நுழைவுத்தேர்வு எழுதப் போகிறான் என்பதால் இந்தக் கட்டுரையை நான் கணவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

அப்படியானால் எந்தப் பள்ளியில் போட்டாலும் ஒன்றுதானா என்று கேட்டால், இல்லவே இல்லை. அதே பாஸ்டனில் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளைக் குலுக்கல் வைத்து ஆராய்ந்தபோது, குறிப்பாகக் கணக்கில், பெரிய முன்னேற்றம் தெரிந்தது. நியூயார்க்கின் சார்ட்டர் பள்ளிகளில் எது வேலை செய்கிறது என்று வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் இருவரும் 2013-ல் பிரித்துப் பார்த்தார்கள். ஆசிரியருக்கு அடிக்கடி யாராவது வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்வது, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கணக்கு வைத்து அதற்கேற்பப் பாடத்தை மாற்றுவது, சின்னக் குழுவாக உட்கார வைத்துத் தனிக் கவனிப்பு, கற்பிக்கும் நேரம் அதிகம், எல்லாப் பிள்ளைகளிடமும் உயர்ந்த எதிர்பார்ப்பு. இந்த ஐந்தும்தான் நன்றாகச் செயல்படும் பள்ளிகளோடு சேர்ந்து வந்தன. ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை அப்படிச் சேர்ந்து வரவில்லை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கும் போகலாம், எந்த நாட்டிலும் கேட்கலாம்.

கட்டணப் பள்ளியா, அரசுப் பள்ளியா என்ற கேள்வியில் வீடுகளில் உறவே முறிகிறது, ஆனால் எனக்கு அது அவ்வளவு பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. 15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பிசா தேர்வு 2000-ம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அதில் கட்டணப் பள்ளி மாணவர்கள் சராசரியாக முன்னால் நிற்கிறார்கள், ஆனால் குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிட்டால் வளர்ந்த நாடுகளின் சராசரியில் அந்த முன்னிலை காணாமல் போகிறது. அதே பிசா முடிவுகளில் இன்னொன்றும் உண்டு, இதை எல்லாப் பெற்றோரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்குள் இருக்கும் மதிப்பெண் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையில் இருக்கிறது. மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு ஒரே பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. நாம் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒப்பிடுவது அந்தச் சின்னப் பங்கை.

பள்ளிக்குள் என்றால் வகுப்பறை, வகுப்பறை என்றால் ஆசிரியர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி 4 வருஷம் ஒரு சோதனை நடத்தினார்கள். 79 பள்ளிகளில் 11,000-க்கும் அதிகமான சின்னப் பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் உள்ள சின்ன வகுப்பிலும் மற்றவர்களை 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பிலும் வைத்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு லாபம் இன்னும் அதிகம். டாபி, ஃப்ரையர் ஆய்வில் வகுப்பின் அளவு பெரிதாகத் தெரியவில்லை என்பது உண்மைதான், அதனால் 28 பேர் உள்ள வகுப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் 5, 6 வயதுப் பிள்ளைக்கு எண்ணிக்கையைக் கட்டாயம் கேளுங்கள். அந்த வயதில் பிள்ளை கை தூக்கிச் சந்தேகம் கேட்காது. ஆசிரியர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 40 முகங்களை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது.

அப்புறம் ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெருநகரங்களில் இது பெரிய சிக்கல். வாடகை, பயணம், பக்கத்துப் பள்ளியில் கொஞ்சம் அதிகச் சம்பளம் என்று ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நியூயார்க் நகரத்தின் 4, 5-ம் வகுப்புகளின் பல வருஷத் தரவுகளை வைத்து ரான்ஃபெல்ட், லோப், வைக்காஃப் 2013-ல் காட்டியது, ஆசிரியர் வெளியேற்றம் அதிகமாக இருந்த வகுப்புகளில் மாணவர்களின் கணக்கும் மொழியும் அடி வாங்கியிருந்தன. விலகாமல் அதே பள்ளியில் தொடர்ந்த ஆசிரியர்களின் மாணவர்களும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், கட்டடம் கண்ணைப் பறித்தது, நீச்சல் குளம், ரோபோ செய்யும் அறை எல்லாம் இருந்தன. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று நான் கேட்டதும், சுற்றிக் காட்ட வந்தவர் நேராக நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். இன்னொரு தடவை கேட்டேன், அப்போதும் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

இப்போது தூரம். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

பெருநகரத்தில் மட்டும்தான் ஒரு 6 வயதுப் பிள்ளை ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் படிக்கப் போவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஸ்கூல் வேன் இருக்கிறது, ஏசி பஸ் இருக்கிறது, என்ன குறை என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். போக 45 நிமிஷம், வர 45 நிமிஷம், வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்றால் 300 மணி நேரம். தினம் 6 மணி நேரப் பள்ளி என்று வைத்தால் இது 50 பள்ளி நாளுக்குச் சமம். வேன் எல்லா வீட்டையும் சுற்றிவிட்டுத்தான் போகும் என்பதால் முதலில் ஏறுகிற பிள்ளைக்கு 45 நிமிஷம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இந்த நேரம் எங்கிருந்து வருகிறது? வீட்டுப்பாடம் குறையாது, டியூஷன் குறையாது. விளையாட்டும் தூக்கமும்தான் குறையும்.

6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-ல் சொன்னது. அதற்கு முன்னாலேயே 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. வளரிளம் பருவத்தில் உடம்புக் கடிகாரமே பின்னால் நகர்கிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. பெரியவன் 13-ஐ நெருங்குகிறான், அதனால் எங்களுக்கு இது வெறும் தகவல் அல்ல. 7.30-க்குத் தொடங்கும் பள்ளி ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால் அவன் 5.30-க்கு எழுந்திருக்க வேண்டும், 9 மணி நேரம் தூங்க வேண்டுமானால் ராத்திரி 8.30-க்குப் படுக்க வேண்டும். நடக்கிற காரியமா? அந்தப் பள்ளியில் எவ்வளவு அருமையான அறிவியல் ஆய்வுக்கூடம் இருந்தாலும், அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

தூரத்தில் இன்னொரு இழப்பு உண்டு, அதை யாரும் எண்ணிக்கையில் சொல்வதில்லை. வகுப்புத் தோழர்கள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடப்பார்கள். சாயங்காலம் சேர்ந்து விளையாட ஆள் இல்லை, பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் பாதிப் பேர் வர முடியாது, திடீரென்று காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருந்தால் பிள்ளைக்குத் தெருவும் மனுஷர்களும் பழக்கமாகிறார்கள், பெற்றோருக்கும் பள்ளி வாசலில் நாலு பேர் அறிமுகமாகிறார்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்பது பெற்றோர் சந்திப்பில் தெரிவதைவிட அந்த வாசலில்தான் அதிகம் தெரியவரும்.

பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் பாருங்கள். 1975-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் உயர்த்திக் கட்டிய ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியை ஆர்லின் ப்ரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஆனால் ரயில் பக்கம் இருந்த வகுப்பறைகளில் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. அமைதியான பக்கம் உட்கார்ந்த பிள்ளைகளைவிட ரயில் பக்கப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள், 6-ம் வகுப்பில் இடைவெளி ஏறக்குறைய ஒரு வருஷம். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் அடித்தார்கள். 1981-ல் அவர் திரும்ப ஆராய்ந்தபோது அந்த இடைவெளி போயே போய்விட்டது. பாடத்திட்டமும் மாறவில்லை, கட்டணமும் மாறவில்லை, சத்தம் மட்டும் குறைந்தது. எனக்கு இது பள்ளிகளைப் பற்றிப் படித்ததிலேயே மிகவும் உலுக்கிய விஷயம்.

காற்றும் அப்படித்தான். பார்சிலோனாவில் 39 பள்ளிகளைச் சேர்ந்த 7 முதல் 10 வயது வரையான 2,700-க்கும் அதிகமான பிள்ளைகளை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. வாகனப் புகை அதிகமான பள்ளிகளில் பிள்ளைகளின் வேலை நினைவாற்றல், அதாவது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டே அதை வைத்து யோசிக்கும் திறன், 12 மாதத்தில் 7.4 சதவீதம் வளர்ந்தது. புகை குறைவான பள்ளிகளில் 11.5 சதவீதம். லண்டனும் பாரிஸும் இப்போது பல பள்ளி வாசல் தெருக்களை வண்டிகளுக்கு மூடி வருகின்றன, அது சும்மா அழகுக்காக அல்ல. பள்ளிக்குப் போகும்போது பிள்ளைகள் வரும் நேரத்தில் போய் வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். எந்தப் பக்கம் வகுப்பறை, ஜன்னல் எங்கே திறக்கிறது, மைதானம் சாலையை ஒட்டி இருக்கிறதா, எல்லாம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து மாற்றுக் கல்வி முறைகள். இவற்றைப் பற்றிப் பேசினால் ஒரு பக்கம் பக்தி, இன்னொரு பக்கம் கேலி. இரண்டுக்கும் நடுவில் நின்று பார்த்தால் மாண்டிசோரி முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கினார், வசதியானவர்களுக்காக அல்ல. மில்வாக்கி நகரத்தில் குலுக்கலில் மாண்டிசோரி அரசுப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஏஞ்சலின் லில்லர்ட் 2006-ல் ஒப்பிட்டார், 5 வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். ஆனால் அவரே 2012-ல் இன்னொன்றையும் காட்டினார். அசல் முறையை அப்படியே கடைப்பிடித்த வகுப்புகளில்தான் பலன் அதிகம், நடுவில் ஒர்க் ஷீட்டும் வேறு பொம்மைகளும் கலந்த வகுப்புகளில் குறைவு. மாண்டிசோரி என்ற பெயரைப் பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், அதுதான் இதில் ஆபத்து. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா, காலையில் மணி அடிக்காமல் சுமார் 3 மணி நேரம் பிள்ளை தான் எடுத்த வேலையிலேயே இருக்க முடிகிறதா, இந்த இரண்டையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வயது வாரியாகப் பிரித்து, அரை மணிக்கொரு மணி அடிக்கிற இடத்தில் மரப் பொம்மைகள் அடுக்கியிருந்தால் அது வேறு ஏதோ.

வால்டோர்ஃப் பள்ளிகள் 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கியவை. எழுத்து, வாசிப்பு எல்லாம் ஏறக்குறைய 7 வயதில்தான் ஆரம்பிப்பார்கள். 7 வயது வரை எழுத்தே தெரியாதா என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் செய்த ஆய்வுகளில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களும் 7 வயதில் தொடங்கியவர்களும் 11 வயதுக்குள் சமமாகிவிட்டார்கள், அதனால் அந்தப் பதற்றம் தேவையில்லை. எனக்கு உள்ள தயக்கம் வேறு. நடுவில் ஊர் மாற வேண்டி வந்து 6 வயதில் வேறு பள்ளியில் சேர்த்தால், அங்கே மற்ற பிள்ளைகள் பத்தி பத்தியாக வாசித்துக்கொண்டிருக்க நம் பிள்ளை திணறும். அங்கேயே பல வருஷம் இருப்போம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல தேர்வு.

சர்வதேசப் பாடத்திட்டங்களுக்கு இதற்கு நேர் எதிர்க் காரணம். ஐபி எனப்படும் இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் பாடத்திட்டம் 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது, நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போனாலும் படிப்பு அறுந்துபோகாமல் இருக்கத்தான். அதன் டிப்ளமோவில் 6 பாடம், அதிகபட்சம் 45 புள்ளி, கூடவே மாணவர் தானே ஆராய்ந்து எழுதும் 4,000 வார்த்தைக் கட்டுரை. எழுதவும் வாதாடவும் நன்றாகப் பழக்குகிறது. ஆனால் ஒரே நகரத்தில் இருக்கப் போகிற குடும்பம், பிள்ளை உள்ளூர்க் கல்லூரியில்தான் சேரப் போகிறது என்றால், அந்தக் கல்லூரிகள் இந்தப் புள்ளிகளை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். 17 வயதில் போய் விசாரித்தால் மாற்ற நேரம் இருக்காது.

வீட்டுவழிக் கல்வி எங்களுக்குச் சரிப்படாது, இருவரும் வேலைக்குப் போகிறோம். யோசிப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பாருங்கள், ஜெர்மனி போன்ற நாடுகளில் அனுமதியே இல்லை.

ஒன்று விட்டுப்போனது. கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டுமே உள்ள பள்ளியில் நம் பிள்ளை நடுவில் நின்றால் என்ன ஆகும்? ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து பல நாடுகளில் இதைப் பார்த்திருக்கிறார். ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், மிகக் கடினமான பள்ளிக்குப் போகிற பிள்ளை தன் படிப்பைப் பற்றித் தாழ்வாக நினைக்கத் தொடங்குகிறது. என் அக்கா மகனிடம் இதை நேரில் பார்த்தேன். பழைய பள்ளியில் கணக்கென்றால் துள்ளிக் குதித்தவன், போட்டி நிறைந்த பள்ளிக்கு மாறிய பிறகு "எனக்குக் கணக்கு வராது சித்தி" என்று சொல்லிவிட்டு வேறு பிரிவு எடுத்தான். அவனுக்குக் கணக்கு வரும். இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய நகரங்களில் பல இடங்களில் விருப்ப வரிசைப்படி பள்ளிகளின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். இங்கே ஆளாளுக்கு ஒரு தந்திரம் சொல்வார்கள், முதல் இடத்தில் கிடைக்கக்கூடியதைப் போடு, ஆசைப்பட்டதைப் போட்டால் எல்லாம் போய்விடும் என்று. அந்தத் தந்திரம் சரியா தப்பா என்பது உங்கள் நகரம் எந்த முறையில் இடம் ஒதுக்குகிறது என்பதைப் பொறுத்தது. முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே இடங்களை உறுதி செய்துவிட்டு மிச்சத்தை மற்றவர்களுக்குத் தருகிற முறை என்றால் அந்தப் பயம் நியாயமானது, பாஸ்டனில் பழைய முறை அப்படித்தான் இருந்தது, 2005-ல் அதைக் கைவிட்டார்கள். டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி 1962-ல் கண்டுபிடித்த வழிமுறையில் உண்மையான விருப்ப வரிசையை எழுதினால் எந்த நஷ்டமும் வராது, முதல் பள்ளி கிடைக்காவிட்டாலும் இரண்டாவதில் உங்கள் வாய்ப்புக் குறையாது. நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆல்வின் ராத் குழுவினர் இந்த வழிமுறையைக் கொண்டுவந்தபோது, தாங்கள் எழுதிக் கொடுக்காத ஏதோ ஒரு பள்ளியில் தள்ளப்பட்ட மாணவர்களின் எண்ணிக்கை முந்தைய வருஷம் இருந்த சுமார் 30,000-லிருந்து சுமார் 3,000-ஆக இறங்கியது. ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒரு போன் செய்து எந்த முறை என்று கேட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் யூகத்தை நம்ப வேண்டாம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது முதல் ரேங்க் பிள்ளையின் பெற்றோரிடம் பேசச் சொல்லி அனுப்புவார்கள். பேசுங்கள், ஆனால் நடுவில் தடுமாறும் ஒரு பிள்ளையின் அம்மாவையோ அப்பாவையோ தேடிப் பிடித்தும் பேசுங்கள். பிள்ளைக்கு ஒரு பாடம் புரியவில்லை என்றால் அடுத்த நாள் பள்ளியில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். டியூஷன் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பள்ளி, தன் வேலையை உங்கள் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடம் எவ்வளவு என்றும் கேளுங்கள், நிறையக் கொடுக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னால் மயங்க வேண்டாம். ஹாரிஸ் கூப்பர் 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சின்ன வகுப்புகளில் வீட்டுப்பாட அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் ஏறக்குறைய தொடர்பே தெரியவில்லை.

எங்கள் படிவம் தயார். சின்னவளுக்கு முதல் இடத்தில் போட்டிருப்பது நடந்தே போகக்கூடிய அரசுப் பள்ளி. கட்டடத்துக்கு வெள்ளை அடித்துப் பல வருஷமாகியிருக்கும், ஆனால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை அங்கே நீண்ட காலமாக இருக்கிறார், வகுப்பில் 20 பேருக்குக் கொஞ்சம் மேல், ஜன்னல்கள் மரங்கள் உள்ள உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கின்றன. பிரபலமான ஒரு பள்ளியை மூன்றாவதாகப் போட்டிருக்கிறோம், என் மாமியாருக்கு இதில் இன்னும் வருத்தம்தான். பெரியவன் நுழைவுத்தேர்வை எழுதட்டும், அவனுக்கே ஆசை இருக்கிறது, கிடைத்தால் காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு வார நாளில் பயணம் செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வோம். உங்கள் நகரத்தில் ஒதுக்கீட்டு முறை எப்படி, ஆசிரியர்கள் நிலையாக இருக்கும் பள்ளிகளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை எழுதுங்கள், அடுத்த வருஷம் தேடப் போகிறவர்களுக்கு உதவும்.